அத்தானும் அடாப்டரும்

மனிதர்களில் லென்ஸ் தேடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. படம் எடுக்கிறவர் வேறு, இவர் வேறு. இவரிடம் ஒரு வீடியோ கேமரா இருக்கும். அதன் வாயில் மாட்ட அடாப்டர் என்று ஒரு குழாய் இருக்கும். குழாயின் மறுமுனையில் ஸ்டில் கேமரா லென்ஸ் ஒன்றைப் பொருத்திவிட்டால் முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெயாய் உருகி, அசல் சினிமாவாகவே ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கும். படம்? அது மட்டும் இருக்காது.

எனக்கு வாய்த்தவர் அடுத்த வீட்டுக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கர். எந்த லென்ஸைக் கொண்டுவந்தாலும் அவருக்கு ஒரு குறை. ஒன்றில் மரை பொருந்தாது. இன்னொன்று பொருந்தும், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வளையம் இருக்காது. வளையம் உள்ளதைப் போட்டால் பட்டப்பகலில் வீடு குகையாகிவிடும். சோதனைக்கு நிற்பது மனைவி.

"பின்னாடி ஃப்ரிட்ஜ் மறையுதான்னு பார்க்கணும். அப்படியே நில்லு."

"ஃப்ரிட்ஜ் மறையறது இருக்கட்டும். நீங்க கொஞ்சம் மறைஞ்சீங்கன்னா நான் சமைச்சு முடிப்பேன்."

இப்படி இருக்கையில் அவர் மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் பல் டாக்டர். நாற்பது வயதுக்கு மேல், தன்னிடம் பல் பிடுங்க வந்த பள்ளி ஆசிரியரையே பிடித்துப்போய், பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கலாம் என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள்.

"அத்தான், அவரோட அம்மா படுத்த படுக்கை, வர முடியாது. அவங்க பார்க்கணும். அதுக்காகவாவது எடுத்துக் குடுங்க," என்றாள்.

"என்கிட்ட விட்டுடும்மா," என்றார் அத்தான். விட்டாள். வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. பல் டாக்டர்கள் மனிதர்களின் வாயை நம்பக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

சாட்சிக் கையெழுத்துக்கு நானும் போயிருந்தேன். பதிவாளர் ஏட்டைத் திறக்கும்போது நம்மவர் முதல் லென்ஸைப் போட்டார். ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. கழற்றினார். மைத்துனி பேனாவை எடுக்கும்போது இரண்டாவதைப் போட்டார். அதற்கு அறையே போதவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி வராந்தாவுக்கே போய்விட்டார். மூன்றாவதோடு உள்ளே பாய்ந்து வந்தபோது எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், இன்னொரு தடவை கையெழுத்துப் போடச் சொல்லுங்களேன்," என்றார் பதிவாளரிடம்.

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "போடலாம். நடுவுல ஒரு விவாகரத்து ஆகணும், பரவாயில்லையா?"

மைத்துனி காரில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் அவள் மாமியாரின் கட்டிலைச் சுற்றி நின்றோம். "எதாவது பதிஞ்சிருக்கா அத்தான்?" என்றாள் தணிந்த குரலில். பதிந்திருந்தது. அடாப்டரில் படம் தலைகீழாகத்தான் விழுமாம். எனவே கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினார். திரை நிறைய ஒரு காது. சுற்றிலும் வெண்ணெய்.

கிழவி வெகுநேரம் பார்த்தாள்.

"என் பையன் காதுதான். கணக்குத் தப்பாப் போட்டப்பல்லாம் நான் திருகின காது. தெரியாதா எனக்கு?"

"ஒவ்வொரு முடியையும் எண்ணலாம், பாருங்க," என்றார் அத்தான் பெருமையாக.

மைத்துனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டாள், பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தை ஏடாக்கினாள், கணவரை உட்காரவைத்தாள். மருந்துச்சீட்டு எழுதும் பேனாவால் இருவரும் மறுபடி கையெழுத்திட்டார்கள். மாமியார் பதிவாளரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டாள். பிறகு மருமகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவ்வளவு நல்ல காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அத்தான் எடுத்தாரா என்கிறீர்களா? அவர் பால்கனியில் இருந்தார். இரண்டு லென்ஸ்களை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கதை இவ்வளவுதான். இதையெல்லாம் படித்த பிறகும், "அது சரி, அந்தக் காதை எடுத்தது எந்த லென்ஸ்?" என்று கேட்க உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா? எனக்கு எழுத வேண்டாம். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிற்கும் உங்கள் மனைவிக்கு எத்தனை மணி நேரமாகக் கால் வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.