ராகு போன பிறகும் நின்ற உலக்கை

கிரகணத்துக்குப் பத்து நாள் முன்பே வடமதுரைச் சுவர்களை உலக்கைச் சாமி பிடித்துவிட்டார். "டிசம்பர் 26, வளையக் கிரகணம்! கர்ப்பிணிகளே, வயிற்றில் விஷக்கதிர் விழலாமா?" என்று கேட்டன போஸ்டர்கள். விழக்கூடாதென்றால் அவர் விற்கும் ரட்சைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அவர் வாடகைக்குப் பிடித்த தகரக்கூரை மண்டபத்தில் அடைந்து கிடக்க வேண்டும். நேரத்தைக் கணக்கிட்டுச் சொன்னது விஞ்ஞானி. வசூல் மட்டும் சாமிக்கு.

எட்டு மாத மருமகள் பானுப்ரியாவை இழுத்துக்கொண்டு விடிந்ததுமே வந்துவிட்டாள் சண்முகவள்ளி. அவளைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 1995 கிரகணத்தன்று, மகன் வயிற்றில் இருந்தபோது, குழம்புக்கு வெண்டைக்காய் நறுக்கினாள். விக்னேஷ்குமார் பிளந்த உதட்டோடு பிறந்தான். தையல் போட்டு உதடு ஒட்டியது. பழி ஒட்டியது ஒட்டியதுதான். இருபத்து நாலு வருஷமாகச் சொந்தபந்தம் அவளைக் கூண்டிலேயே நிறுத்தியிருந்தது. கயிறு வாங்கும்போது இதைச் சாமியிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

சாமி அதை மைக்கில் சொன்னார்.

"இந்தம்மா வெண்டைக்காய நறுக்குச்சு. ராகு, இதோட மகன் உதட்ட நறுக்கிட்டான்!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. சண்முகவள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினார்கள். மேடையில் ஒரு மேஜை, அதன்மேல் தாம்பாளத்தில் தண்ணீர். அதில் சாமி உலக்கையை நிறுத்தினார். நின்றது.

"ராகு சூரியனைக் கவ்வியிருக்க மட்டும்தான் நிக்கும். எவளாச்சும் ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் சாஞ்சிரும்!"

அறுபது கர்ப்பிணிகள் எச்சிலைக்கூட யோசித்து விழுங்கினார்கள்.

ஒன்பதரைக்கு வெளிச்சம் மங்கியது. கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே விழுந்திருந்த ஒளிப் பொட்டுகள் மெலிந்து மெலிந்து வளையங்களாயின. தரை முழுக்கத் தங்க வளையங்கள்! "தொடாதீங்க, விஷம்!" என்று அலறினார் சாமி. பெண்கள் சுவரோரம் ஒண்டினார்கள். பானுப்ரியா மட்டும் உள்ளங்கையை நீட்டி ஒன்றை ஏந்தினாள்.

"சுடவே இல்ல அத்தை. இம்புட்டு அழகா இருக்கு, இதுவா விஷம்?"

சண்முகவள்ளி எட்டிப் பார்த்தாள். வானத்தில் இருந்த சூரியன் மருமகள் கையில் மோதிரம்போல் கிடந்தான். இத்தனை வருஷம் தான் பயந்தது இதற்கா?

பத்து மணிக்குப் புழுக்கத்தில் பானுப்ரியா கண் செருகிச் சரிந்தாள். "தண்ணி..."

சண்முகவள்ளி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"குடுக்காத தாயி! ஒரு உதடு பத்தாதா ஒனக்கு?"

சாமியின் அந்த வார்த்தை காதில் விழுந்தும் அவள் மூடியைத் திருகித் திறந்தாள். "குடி ஆத்தா. பழி வந்தா என் மேலயே வரட்டும்."

பானுப்ரியா முக்கால் பாட்டிலைக் காலி செய்தாள். அத்தனை கண்களும் உலக்கைக்குப் போயின. நின்றது. சாமியின் வலது கால் மெல்ல மேஜைக் காலை இடித்தது. உலக்கை விழுந்தது.

"பாத்தீங்களா!"

"பாத்தேன். ஒங்க காலைத்தான் பாத்தேன்," என்றபடி சண்முகவள்ளி மேடையேறினாள். உலக்கை பிடித்துப் பழகிய கை. புரட்டிப் பார்த்தாள், அடியில் இரும்புப் பூண், பலகைபோல் சப்பட்டை. தாம்பாளத்தில் நிறுத்தினாள், நின்றது. வெறுந்தரையில் நிறுத்தினாள், அங்கேயும் நின்றது.

"கிரகணம் இன்னும் விடலைல்ல, அதான் நிக்குது," என்றார் சாமி, வேர்த்துக்கொண்டே.

"சரி, விடட்டும். அதுவரைக்கும் நீங்களும் இங்கனதான் இருக்கணும்."

உலக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பதினொன்றரைக்குச் சூரியன் முழுசாக வெளியே வந்தாயிற்று. உலக்கை நின்றது. பன்னிரண்டு ஆயிற்று. ராகுவுக்குச் செய்தி போகவில்லைபோலும், அப்போதும் நின்றது. கர்ப்பிணிகள் ஒவ்வொருத்தியாக வந்து நிறுத்திப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நின்றது.

"அப்ப அந்த வெண்டைக்காய்?" சண்முகவள்ளி மருமகளிடம் திரும்பினாள்.

"அன்னைக்கு ஊரே காய் நறுக்கித்தான சோறாக்குச்சு அத்தை? எல்லாப் புள்ளைக்குமா உதடு பொளந்துச்சு?"

சண்முகவள்ளி அழவில்லை. எழுந்து, கொல்லை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சாமியின் சட்டையைப் பிடித்தாள். அறுபது பேரும் சூழ்ந்துகொண்டு போலீஸ் ஸ்டேஷன்வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். "இதெல்லாம் நம்பிக்கைங்க..." என்று வழியெல்லாம் முனகினார் அவர்.

சூரியனை மறைத்த நிலா மூன்று மணி நேரத்தில் தானாக விலகிவிட்டது. புத்தியை மறைத்து நிற்பது தானாக விலகாது, மகாஜனங்களே! அதை நீங்கள்தான் பிடித்துத் தள்ள வேண்டும்.