செவ்வாய் தூக்கிப்போன நாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் செவ்வாய்ச் சாமியார் இறங்கியிருக்கிறார் என்றதும் வத்திராயிருப்பு பஸ்ஸில் கூரை வரைக்கும் கூட்டம். நேரே கிரகத்திலிருந்தே இறங்கியதாக சனங்கள் பேசிக்கொண்டார்கள். வந்தது மதுரை பஸ்ஸில்தான். அதை யார் கேட்டார்கள்?

சாமியார் சொல்வது ஒன்றே ஒன்று. "உன்னயச் செவ்வாய் துரத்துது. நம்பலையா? வெளிய போய்ப் பாரு, வழியெல்லாம் செவப்பா நிக்கும்."

நிற்காதா பின்னே? ராஜபாளையம் மில் தொழிலாளி பொன்னுராஜ் போய்ப் பார்த்தான். தபால் பெட்டி சிவப்பு. மிளகாய் வற்றல் சிவப்பு. எவனோ துப்பிய வெற்றிலைச் சாறும் சிவப்பு. அரண்டுபோய் வீட்டுக்கு ஓடினால், வாசலில் அவன் நாய் வெள்ளையன் வாலாட்டி நின்றது. உடம்பெல்லாம் பால் வெள்ளை. மூக்கு மட்டும் செக்கச்செவேல்.

ராஜபாளையத்தில் மூக்கு சிவந்தால்தான் நாய் அசல் ஜாதி. அந்த மூக்கில்தான் செவ்வாய் குடியிருக்கிறார், நாயை என்னிடம் விடாவிட்டால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்றார், சேதி கேட்ட சாமியார். விலைபோகாத கறுப்பு மூக்கு நாய்களில் மட்டும் செவ்வாய் ஏனோ குடியேறுவதில்லை. விட்ட நாய்களெல்லாம் வானுலகம் போய்விடுவதாகக் கேள்வி.

பிள்ளைபோல வளர்த்த நாய். பொன்னுராஜ் அழுதுகொண்டேதான் அதைச் சாமியாரின் கட்டில் காலில் கட்டினான். கூடவே வந்த அவன் மனைவி ஜெயக்கொடி அழவில்லை.

"சாமி, எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. இந்தக் கூட்டத்துல எம்புட்டுச் செவப்பு இருக்குன்னு எல்லாரும் எண்ணட்டும். நீங்களும் எண்ணுங்க. ஒண்ணுகூட விட்டுறக் கூடாது."

சாமியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எண்ணச் சொல்லி உத்தரவு போட்டு, தானும் எண்ணினார். குங்குமம், ரிப்பன், சேலைக் கரை என்று தலைகள் திரும்பின. எவனோ சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றையும் கணக்கில் சேர்த்தான். பொன்னுராஜ் யாருக்கோ காலை விலக்கி வழிவிட்டான், யாருக்கென்று பார்க்கவில்லை. எண்ணி முடித்ததும் உன் கணக்குத் தப்பு, என் கணக்குத் தப்பு என்று ஒரே சண்டை.

அப்போதுதான் ஒருத்தன் கட்டிலைப் பார்த்தான். நாயைக் காணோம்.

சாமியார் கையை வானத்துக்குத் தூக்கினார். "செவ்வாயே வந்து தூக்கிட்டுப் போயிட்டார்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எதிர் டீக்கடையிலிருந்து ஜெயக்கொடி குரல் கொடுத்தாள். பக்கத்தில் வெள்ளையன் பன் தின்றுகொண்டிருந்தது. "செவ்வாய் நாந்தான். உங்க நடுவுலதான இழுத்துட்டு வந்தேன்? அம்புட்டுப் பேருக்கும் கண்ணு தொறந்துதான இருந்துச்சு? எண்ணச் சொன்னதுதான் கண்ணுல பட்டுச்சு. வழியில செவப்பு நின்னதும் இப்படித்தான். நேத்தும் நின்னுச்சு, யாரும் தேடச் சொல்லல."

சாமியார் தங்கியிருந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் நாய்கள் குரைக்க, கூட்டம் அங்கே ஓடியது. வானுலகம் போகவேண்டிய நாய்கள், நாய் வியாபாரியின் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. சாமியார் வேட்டியை மடித்துக்கட்டி ஓடியதை இந்தத் தடவை எல்லாரும் பார்த்தார்கள்.

பொன்னுராஜ் வெள்ளையனின் சிவந்த மூக்கில் முத்தம் கொடுத்தான்.

காட்டின பக்கம் பார்க்க நாய்க்கும் தெரியும். காட்டாத பக்கம் பார்க்கத்தான் ஐயா, மனுசனுக்குப் புத்தி.