மீனம்பாள் ஹாரன் அடிக்க மாட்டேன் என்கிறாள்

செஞ்சி,
மே 26, திங்கள்

சேசுவில் பிரியமுள்ள தங்கை சிஸ்டர் விமலாவுக்கு, அண்ணன் தேவசகாயம் எழுதிக்கொண்டது. உன் ஜெபத்தால் நான் சுகம். முட்டி மட்டும் சுகமில்லை. உன் மடத்தில் சகலரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"புருஷன் வுட்டுட்டுப் போன நாலு பொம்பளைங்கண்ணா, ஆட்டோ ஓட்டக் கத்துக்குடு, பொழச்சிக்குவாங்க" என்று நீ கேட்டாய். இருபத்தொன்பது வருஷம் அவலூர்பேட்டை பஸ் ஓட்டியவனுக்கு மூன்று சக்கரம் ஒரு பொருட்டா என்று நானும் தலையாட்டிவிட்டேன். அந்த நாலு பேரில் ஒருத்தி கலைவாணி. அவள் ஹேண்டிலைப் பிடித்தால் சொந்தக்காரர் கண்ணில் படாத நாளே இல்லை. பட்ட ஒவ்வொருவரிடமும் வண்டியை நிறுத்தி "சாப்டியா?" என்று கேட்பாள், கேட்டவரை ஏற்றிக்கொள்ளாமல் நகரமாட்டாள். போன மாதம் அனந்தபுரம் சாலையில் அவள் சின்னம்மாவும், சின்னம்மாவின் மல்லாட்டைக் கடலை மூட்டையும், ஓர் ஆடும் ஏறிக்கொள்ள, ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்த, ஆடும் கூடச் சேர்ந்து கத்த, கடைவீதி மொத்தமும் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மீனம்பாளிடம்தான் தோற்றுப்போனேன். நாலு பேரில் அவள்தான் கெட்டி. கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் போடுவாள். ஆனால் ஹாரன் மட்டும் அடிக்க மாட்டாள். சிங்கவரம் சாலையில் சைக்கிளில் போன ஒரு பெரியவருக்குப் பின்னாலேயே ஒன்றரை கிலோமீட்டர் போனோம். அவருக்கு டீ குடிக்கத் தோன்றியதால் பிழைத்தோம். போன செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்டில் யாரோ ஒருவர் குறுக்கே வந்து நின்றார். "ஹாரன் அடிமா" என்றார் இன்ஸ்பெக்டர். இவள் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய், கும்பிட்டு, "கொஞ்சம் அப்டி நிக்கிறீங்களா ஐயா" என்று கேட்டுவிட்டு வந்தாள். ஃபெயில் போட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் கத்திவிட்டேன் விமலா. "ஒரு பட்டன அமுக்க முடியல, நீயெல்லாம் இன்னாத்துக்கு வந்த? வூட்டுக்குப் போ!" என்றேன். அவள் அழவில்லை. "எங்க தெருவுல பொறந்தவங்களுக்கு ஒதுங்கி நின்னே பழக்கம் நைனா. முன்னால போறவங்கள ஒதுங்குன்னு சொல்லக் கை வரமாட்டேங்குது. ஜூனுக்குள்ள நான் சம்பாதிக்கலன்னா எம் பொண்ணு வெண்மதிய எங்கண்ணன் மில்லு வேலைக்கு அனுப்பிடுவாரு. அது பத்தாவதுல நானூத்தி முப்பது எடுத்திருக்குது நைனா" என்றாள். பஸ் ஓட்டின காலமெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்காதவன் நான். அந்தக் கை சிலருக்கு எழாது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆகவே இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. பொறுமையுள்ள வேறு ஆளைப் பார். நாளை அவளை மறுபடியும் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போவதோடு சரி. யார் வந்து சொன்னாலும் இனி மாற்றமில்லை.

உன் அண்ணி ராயம்மாள் தோத்திரம் சொல்கிறாள். ஆண்டவர் உன்னை நிறைவாய் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அண்ணன் தேவசகாயம்

பி.கு.: செவ்வாய் மாலை எழுதுகிறேன். இன்று மீனம்பாள் எட்டை முடித்துத் திரும்புகையில் இன்ஸ்பெக்டரே செல்போனில் பேசிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டேன். அப்புறம் அடித்தாள் பார் ஒரு ஹாரன்! மனிதர் துள்ளிக் குதித்தார். "இன்னாமா, காது போயிடும்போல இருக்குது!" என்றார். "வண்டி வருதுல்ல சார்" என்றாள் இவள். பாஸ் போட்டுவிட்டார்.

அங்கிருந்து வெண்மதியையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் வெண்மதி என் பேனாவை வாங்கி 'டிரைவர்' என்று எழுதினாள். எழுதிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். நான் அழுதுவிட்டேன், உன் அண்ணியிடம் சொல்லிவிடாதே. வேறு ஆளையும் பார்க்காதே. அடுத்த நாலு பேரை எப்போது அனுப்புகிறாய்?