தாடி விஷயமாக மாமாவுக்கு

தி.நகர்
வியாழன் இரவு

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் நீரஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் குழந்தை அனன்யாவும் நலம். ஆழ்வார்பேட்டையில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமா? உங்கள் மகனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் "சாமி விஷயம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரி மெஷினை ஓடவிட்டு மாஸ்க் போட்டுத்தான் தூங்கணும் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும்தான் பக்கத்தில் இருந்தீர்கள். தலையை ஆட்டிவிட்டு நேரே கோயிலுக்குப் போய், மகனுக்கு நல்ல தூக்கம் வந்தால் திருத்தணியில் மொட்டை என்று வேண்டிக்கொண்டீர்கள். யாருக்கு மொட்டை? அவருக்கு! அதுவரை முகத்தில்கூடக் கத்தி படக்கூடாதாம். சரி, சாமிதானே என்று நானும் இருந்துவிட்டேன். தாடி வளர்ந்தது. மாஸ்க் முகத்தில் ஒட்டாமல், பஞ்சரான டியூப் மாதிரி ஓரமெல்லாம் காற்று புஸ்ஸென்று போனது. பட்டையை இறுக்கினோம். இறுக்கியதில் மூக்குத்தண்டில் தோல் உரிந்து, கன்னமெல்லாம் சிவந்து தடித்து, லிஃப்ட்டில் பார்த்த எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்கா என்னைத் தனியாக இழுத்து, "இன்னாம்மா, கோவம் வந்தா மூஞ்சிலயா அடிப்ப? பாவம் அந்தப் புள்ள" என்கிறார். நான் அடித்தேனாம்! புண்ணுக்கு நீங்கள் சந்தனம் அரைத்து அனுப்பினீர்கள். அது காய்ந்து, மெஷின் காற்றில் பொடியாகப் பறந்து, மனுஷன் விடிய விடியத் தும்மினார். அடுத்து விளக்கெண்ணெய், மாஸ்க் வழுக்கிக்கொண்டு போய் நெற்றியில் உட்கார்ந்து, முன்முடிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் கேட்டால், "மேடம், தாடி மேல அது எப்படி உட்காரும்? முதல்ல ஷேவ் பண்ணச் சொல்லுங்க" என்கிறார்கள். உங்கள் மகனோ, "அப்பா வேண்டியிருக்காரு, நான் எப்டி எடுக்கறது?" என்கிறார். எரிச்சல் தாங்காமல் இப்போது மாஸ்க்கையே மூலையில் போட்டுவிட்டார். தூக்கம் சரியானால்தான் தாடியை எடுக்கலாம், தாடியை எடுத்தால்தான் தூக்கம் சரியாகும். முருகனே வந்தாலும் மயிலை ஓரமாக நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டியதுதான்.

நேற்று பாண்டி பஜார் சிக்னலில், ஸ்கூட்டரில் அனன்யாவை முன்னால் நிற்கவைத்துக்கொண்டே தூங்கிவிட்டார், மாமா. பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க, குழந்தை அவர் கையைக் கடித்து எழுப்பியிருக்கிறாள். "அப்பாவ நான்தாம்மா எழுப்பினேன்" என்று வந்து பெருமையாகச் சொல்கிறாள். சாவியைப் பிடுங்கி வெச்சிட்டேன். நாளைக்கே நீங்க வந்து, உங்க வாயால "எடுத்துடுடா"ன்னு சொல்லணும். சொல்ல முடியாதுன்னா இந்தப் பக்கம் வராதீங்க. தாடிதான் வேணும்னா நீங்க வளர்த்துக்கோங்க, எடுப்பாவே இருக்கும்.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொண்டு, எங்கள் மூவரையும் ஆசீர்வதிக்கவும்.

பணிவுடன்,
நீரஜா

பி.கு.: நீங்கள் வந்து எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா சாப்பிட வாருங்கள். கடிதத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தால், உங்கள் மகன் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. ட்ரிம்மரை எடுத்து ஒரு கன்னத்தை வழித்துவிட்டேன். அசையவே இல்லை. தலைமுடியைத் தொடவில்லை, அது முருகனுக்கு அப்படியே இருக்கிறது. மறுகன்னத்துக்குப் போகப் பயந்து நின்றால், கண்ணைத் திறக்காமலே, "இந்தப் பக்கமும் எடுத்துடு நீரு. அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்கிறார். சொல்லிவிட்டேன்.