கட்டம் போடாத மாப்பிள்ளை

மாப்பிள்ளையாகப் போகிறவன் பெண் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பஜ்ஜியை நான் ஒழுங்காகத்தான் தின்றேன். மிச்சப் பாதியில்தான் கோட்டை விட்டேன்.

ரேவதி எனக்குக் கல்லூரியில் ஒரு வருடம் இளையவள். பொதட்டூர்பேட்டையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாதி குடும்பத்துக்கு, பாதி விசைத்தறிக்கு. அவளுடைய அப்பா முனுசாமி லுங்கி நெய்கிறவர். நானோ கே.ஜி.கண்டிகைக்காரன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயல் வேலை, எனக்கு மட்டும் சென்னையில் வேலை. தினமும் திருத்தணியில் ரயில் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தேன். ரேவதி வீட்டில் எங்கள் விஷயத்தைச் சொல்லி, "ஒரு சனிக்கிழமை வரச் சொல்லு, பாக்கலாம்" என்று அவர் இறங்கி வந்ததே பெரிய காரியம்.

"தம்பி இன்னா வேலை பண்றாரு?" என்று அவர் மகளைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

"அசெம்ப்ளர்ல புரோகிராம் எழுதறாரு நைனா."

முதல் வார்த்தை மட்டும்தான் தறிச் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது. "ஆங், அசெம்ப்ளியா? எதிர்வீட்டுப் பொண்ணுகூட போன் அசெம்ப்ளி பண்ற கம்பெனி பஸ்ல போயிகினுதான் இருக்குது. நல்ல வேலை. மத்தியானம் சாப்பாடு அவங்களே போட்டுடறாங்களாம்."

இந்த இடத்தில் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் கல்யாணம் அடுத்த மாதமே முடிந்திருக்கும். (நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.) "அது இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். சிப்புக்குள் எண்கள் மட்டும்தான் ஓடும், நாம் எழுதும் சுருக்கக் கட்டளைகளை அந்த எண்களாக மாற்றித் தருவதுதான் அசெம்ப்ளர், ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் தனி அசெம்ப்ளர் உண்டு, நான் எழுதுவது 8051 என்ற வகைக்கு என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். ரேவதி கதவுக்குப் பின்னால் நின்று, போதும் போதும் என்று கையை ஆட்டினாள். நான் அதை உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முனுசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "அத்தால தறிக்கு எதனா ஆவுமா?"

லுங்கி என்பது தறியில் ஒரே நீளத் துணியாகத்தான் ஓடும். இரண்டு மீட்டருக்கு ஒரு முறை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நெய்ய வேண்டும். பின்னால் அந்தக் கோட்டில் வெட்டினால் ஒரு லுங்கி. அவர் அதற்கு இரண்டு மீட்டர் நூல் ஒன்றை வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து அளந்துகொண்டிருந்தார். இடுப்பு வலி வேறு. "நீங்க அளக்கவே வேணாம். இரண்டு மீட்டர் ஆச்சுன்னா மணி அடிக்கிற மாதிரி நான் பண்ணித் தரேன்" என்றேன்.

"அப்ப அடுத்த வாரம் எடுத்துகினு வாங்க. அந்த ஞாயித்துக்கெழம கபீர் பாய் சரக்கு எடுக்க வர்றாரு, ரம்ஜானுக்கு. அது முடிஞ்சதும் நம்ம விஷயத்துக்குப் பதில் சொல்லிடறேன்."

ஆக, என் கல்யாணம் ஒரு லுங்கிச் சுருளின் முனையில் தொங்க ஆரம்பித்தது. தொங்கவிட்டவனும் நானேதான்.

ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். துணி சுற்றும் உருளை இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தால் சிப்புக்கு ஒரு துடிப்பு போகும். நூறு துடிப்பு சேர்ந்தால் இரண்டு மீட்டர், மணி அடிக்க வேண்டும். இவ்வளவுதான். அசெம்ப்ளரில் கொடுத்தேன், பிழை பூஜ்யம் என்றது. வீட்டில் உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சரியாக நூறில் அடித்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றில் எல்லாவற்றையும் அடைத்து (அம்மா இன்னும் அந்த டிபன் பாக்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்) பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை தறியில் மாட்டினேன். முதல் மணி அடித்தது. முனுசாமி வெள்ளைக் கோடு நெய்துவிட்டு, நூலைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் லேட்டா அடிச்ச மாதிரி கீதே தம்பி. ஒருவாட்டி அளந்துக்கட்டா?"

"மெஷின் தப்பு பண்ணாதுங்க. மனுஷன்தான் தப்பு பண்ணுவான்."

இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. பெரியவர் நூலை ஆணியில் மாட்டிவிட்டார். என் மேல் இருந்த மரியாதையில் மாட்டினார் என்பதுதான் கொடுமை. பதினொரு மணிக்குக் கரண்ட் போய்வந்தது. அதன் பிறகு மணி அடிக்கவே மாட்டேன் என்றது. அவர் தறியைப் பார்த்தார், டிபன் பாக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டம் ஸ்லோவா இருக்கும்" என்றேன். மத்தியானம் மறுபடி கரண்ட் போய்வந்தது. இப்போது மணி கோயில் பூஜை மாதிரி அடிக்க ஆரம்பித்தது. "இப்ப வேகம் பிடிச்சிடுச்சு" என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

ஞாயிறு காலை கபீர் பாய் வந்தார். திருத்தணி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். முனுசாமிக்கு வருஷம் பூரா வேலை கொடுக்கிறவர் அவர்தான். சுருளைக் கூடத்தில் விரித்தார்கள். பாய் முதல் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை முழம் போட்டார். நின்றார். மறுபடி போட்டார்.

"முனுசாமி, இது இன்னாப்பா?"

இரண்டரை மீட்டருக்கு மேல் இருந்தது ஒரு ரகம். அடுத்தது நாலு மீட்டரைத் தாண்டியது, அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒன்றாக உள்ளே இறங்கிக் கட்டிக்கொள்ளலாம். அதற்கடுத்த கோடுகள் முக்கால் மீட்டருக்கு ஒன்று. அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். இரண்டு மீட்டரில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ரேவதி என்னைப் பார்க்கவே இல்லை. போச்சு, பஜ்ஜியோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முனுசாமி தொண்டையைக் கனைத்தார். "என் தப்புதான் பாய். ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல. அளவு தவறிடுச்சு."

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. அவருடைய கையில் அளவு தவறியதாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. நேற்று வந்த ஒருவன், இன்னும் மாப்பிள்ளைகூட ஆகாதவன், அவன் வெளி ஆள் முன்னால் தலைகுனியக் கூடாது என்று தன் கையின் பெயரையே அவர் தூக்கிக் கொடுத்தார். பேசாமல் இருந்தால் நான் தப்பித்துவிடுவேன். பெண்ணும் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

"இல்லீங்க பாய். அவர் அளந்துக்கறேன்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். தப்பு என் டிபன் பாக்ஸ்ல" என்றேன்.

பாய் டிபன் பாக்ஸைத் திறந்து உள்ளே ஒயர்களைப் பார்த்து, பயந்து மூடினார்.

அங்கேயே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்றேன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னா ஆச்சு? பெருசா எதனா ஒடஞ்சிடுச்சா?" என்றார் முனுசாமி.

"இல்லீங்க. 8051ல நூறுங்கிற எண்ணைச் சொல்லணும்னா, முன்னால இந்தக் குறியைப் போட்டு #100ன்னு எழுதணும். நான் வெறும் 100ன்னு எழுதிட்டேன். குறி இல்லன்னா சிப்பு அதை மெமரியில நூறாம் நம்பர் அறைன்னு எடுத்துக்கும். அந்த அறையில என்ன எண் இருக்கோ, அத்தனை துடிப்புக்கு மணி அடிக்கும். ரெண்டுமே சரியான கட்டளைதான். அதனால அசெம்ப்ளர் வாயைத் திறக்கல."

"அந்த ரூம்ல யார் இருக்கா?" என்றார் பாய்.

"யார் வேணா இருப்பாங்க. ஒவ்வொரு வாட்டி கரண்ட் போய்வந்தாலும் ஆள் மாறிடும்." வீட்டில் சோதித்தபோது அந்த அறையில் நூறுதான் இருந்தது. அதற்கு முந்தைய சோதனைக்காக நானே எழுதிவைத்தது, கரண்ட் போகாததால் அப்படியே கிடந்திருக்கிறது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு காலையில் ஒரு மனிதன் எவ்வளவு அவமானத்தைத்தான் தாங்குவான்?

முனுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். அந்தக் குறியை விரலால் தொட்டார். பிறகு தறியில் இருந்த துணியைத் தொட்டார்.

"ரெண்டு கோடு இப்படி, ரெண்டு கோடு அப்படி. இது நம்ம கட்டம்தானே?"

ஆமாம், அச்சு அசல் லுங்கிக் கட்டம்தான்.

"அப்ப தம்பி கட்டம் போட மறந்துட்டாரு. அவ்ளோதான?" என்றார் அவர்.

கபீர் பாய் சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டம் போட்ட லுங்கி விற்கத்தான் அவர் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார், கட்டம் போடாததால் கெட்ட லுங்கியை அன்றுதான் பார்க்கிறாராம். நாலு மீட்டர் துண்டுகளை இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டரை மீட்டர் லுங்கிகளை உடம்பு கனத்தவர்களுக்கென்று தனியாகக் கட்டினார். முக்கால் மீட்டர் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்றார். மிச்சச் சரக்குக்குப் புதன்கிழமை வரை நேரம் கொடுத்துவிட்டு, போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

நான் குறியைச் சேர்த்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கழற்றப் போனேன்.

"எதுக்குக் கழட்றீங்க? கட்டந்தான் போட்டாச்சே, ஓட்டுவோம்" என்றார் முனுசாமி.

தறி ஓடியது. மணி அடித்தது. கோடு நெய்துவிட்டு நூலை எடுத்து அளந்தார். இம்மி பிசகாமல் இரண்டு மீட்டர். நூலை ஆணியில் மாட்டினார். இரண்டாவது லுங்கிக்கு மணி அடித்தபோது அவர் நூலை எடுக்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் எனக்கு அதன்பிறகு பாராட்டெல்லாம் கிடைத்திருக்கிறது. அந்த அளக்காத லுங்கிக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

பதிலை அவர் அன்று வாயால் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த வாட்டி அப்பா அம்மாவையும் கூட்டிகினு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் திருத்தணி மலையில். எனக்கு எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதியதே கிடையாது. அது தெரிந்த ரேவதியின் பெரிய அத்தை, மண்டபத்தில் நாலு பேர் நடுவே தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா முனுசாமி, மாப்பிள கட்டம் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்க்கா. ஒரு கட்டம் கொறஞ்சிது."

"ஐயையோ, அப்புறம்?"

"அவரே நாலு பேர் முன்னால ஒத்துகினாரு. அதுக்கு மேல இன்னா பொருத்தம் பாக்கணும்?"

அத்தைக்கு அந்த இரண்டாவது பதில் புரியவே இல்லை. என் ஜாதகத்தில் ஒரு கட்டம் காலி என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், நான் ரயிலைத் தவறவிட்டாலும், அத்தை போன் செய்து காளஹஸ்திக்குப் போய்ப் பரிகாரம் பண்ணச் சொல்கிறார். முனுசாமி மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆங், சொல்லுக்கா, நல்லா சொல்லு" என்று எடுத்துக்கொடுக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. இரண்டு முறை போயும் வந்துவிட்டேன்.