ஜியோமெட்ரியைக் கடைசிக்கு வைத்த கதை

எனக்குக் கணக்கு நன்றாக வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியைப் படித்துவிட்டு என்னைத் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். (சொன்ன பிறகும் அப்படித்தான் எடைபோடப் போகிறீர்கள். இருந்தாலும் என் கடமையை நான் செய்துவிட்டேன்.) எனக்கு வராதது ஒன்றே ஒன்றுதான்: எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்கிற சின்ன விஷயம்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்தது இது. அப்பா அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எட்டாவது வரை நான் இந்தியப் பள்ளியில்தான் படித்தேன். ஒரு வயது சின்னவனான தம்பி கார்த்தியும் அங்கேதான். அப்பா வேலை மாறினார். பிள்ளைகளின் ஃபீஸைப் புதுக் கம்பெனியே கட்டும் என்று யோகம் அடித்தது. உடனே எங்கள் இரண்டு பேரையும் தூக்கி ஓர் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் போட்டுவிட்டார்.

இந்தியப் பள்ளியில் கணக்கு என்றால் ஒரே புத்தகம். எல்லாம் அதற்குள்ளேயே கலந்து கிடக்கும். இங்கேயோ கணக்கைக் கூறுபோட்டு வைத்திருந்தார்கள். ஒரு வருடம் முழுக்க ஜியோமெட்ரி, அடுத்த வருடம் அல்ஜீப்ரா டூ, அதற்கடுத்து ப்ரீகால்குலஸ், கடைசி வருடம், அதாவது பன்னிரண்டாவதில், கால்குலஸ். (அல்ஜீப்ரா ஒன் எனக்குத் தேவையில்லை என்று நுழைவுத் தேர்விலேயே விட்டுவிட்டார்கள். தலைக்கனம் ஆரம்பித்தது அங்கேதான்.) அந்தப் பாடப் பட்டியலைப் பார்த்ததும் அப்பாவுக்கு வியர்த்தது.

"இதென்னம்மா அநியாயம்? பன்னெண்டாவதுலதான் கால்குலஸா? அங்க பெரியப்பா பையன் பதினொண்ணாவதுலயே போட்டுத் தள்றான்!"

பெரியப்பா பையன் நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் இருந்தான். விடிவதற்கு முன் எழுப்பிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட், வீட்டுக்குப் போன் மாதம் ஒரு தடவை என்று அவன் சொன்ன கதைகளைக் கேட்டு நானும் கார்த்தியும் ஏற்கெனவே நடுங்கிப் போயிருந்தோம்.

அப்பா தீர்ப்புச் சொன்னார். "பதினொண்ணாவதுல நீயும் கால்குலஸ் எடுத்தா இங்கயே இரு. இல்லேன்னா நாமக்கல்தான். ஒன்வே டிக்கெட் போட்டுருவேன்."

அம்மாவை விட்டு, கார்த்தியை விட்டு, ஏசியை விட்டு நான் எங்கேயும் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். (உண்மையான வரிசையில் ஏசிதான் முதலில் வரும்.)

பதினொன்றாவதில் கால்குலஸ் என்றால், அதற்கு முன்னால் இருப்பது இரண்டே வருடம். படிக்க வேண்டியதோ மூன்று. ஏதாவது ஒன்றைக் கால்குலஸுக்குப் பின்னால் தள்ளியாக வேண்டும். எதைத் தள்ளுவது? அதற்கான விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் பள்ளி வாசலில் இறக்கிவிடும்போது அப்பா சொல்வது ஒன்றுதான்: "தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதிடு. படம் போடுறதைக் கடைசியில வச்சுக்கோ." மூன்று மணி நேரப் பரீட்சைக்குச் சொன்னதை நான் நான்கு வருடப் படிப்புக்குப் பொருத்திவிட்டேன். அல்ஜீப்ரா தெரியும், ஆகவே முதலில். ஜியோமெட்ரி வெறும் படம், ஆகவே பன்னிரண்டாவதில்.

பள்ளியில் பாடம் தேர்ந்தெடுக்க உதவும் அம்மையார், வழக்கத்தில் இப்படிச் செய்வதில்லை என்று மூன்று முறை சொன்னார். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் சரி என்றார்.

அப்பா பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். "ஜியோமெட்ரி இல்லாம சமாளிச்சுருவியா?"

"நீங்கதானேப்பா சொல்வீங்க, படம் கடைசியிலன்னு!"

அப்பாவுக்கு ஒரே பெருமை. "அதுவும் சரிதான். படம்தானே, நான் பத்து நாள்ல சொல்லித் தந்துடுவேன்" என்று கையெழுத்துப் போட்டார். நாள் முழுக்கக் கோணமும் கோடுமாக வரைந்து சம்பாதிக்கிற மனிதர், மகளுக்கு ஜியோமெட்ரியை மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஒன்பதாவதில் அல்ஜீப்ரா டூவை ஊதித் தள்ளினேன். பத்தாவதில் ப்ரீகால்குலஸ். என்னைச் சுற்றி எல்லோரும் பதினொன்றாவது அண்ணன்கள், அக்காக்கள். முதல் பாதி முழுக்க அல்ஜீப்ராதான் என்பதால் அவர்களுக்கே நான் சொல்லிக்கொடுத்தேன். ஜோர்டான் நாட்டு ஆசிரியை மிஸ் ஹனான் என்னைக் கொஞ்சோ கொஞ்சென்று கொஞ்சினார். என் கால் தரையில் படவில்லை.

குளிர்கால விடுமுறை முடிந்து வந்ததும் போர்டில் புதிதாக ஒன்று முளைத்தது: சைன். "இதெல்லாம் ஜியோமெட்ரியில் பார்த்ததுதான்" என்று மிஸ் ஹனான் இரண்டே நாளில் அதைத் தாண்டிப் போய்விட்டார். நான் பார்த்ததில்லை. கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம். வகுப்புக்கே வாத்தியாராக இருந்தவள் எப்படிக் கேட்பது? எக்ஸ், ஒய் மாதிரி அதுவும் ஓர் எழுத்தாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், பெற்றோர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கிற நாள். அப்பா சைட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மிஸ் ஹனான் போர்டில் சைன் முப்பது கூட்டல் சைன் அறுபது என்று எழுதி, "யல்லா, யார் வருகிறீர்கள்?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் போர்டுக்குப் போயிருந்தேன்.

இரண்டிலும் சைன் இருக்கிறது. பொதுவாக இருப்பதை வெளியே எடு. உள்ளே முப்பதும் அறுபதும். கூட்டினால் தொண்ணூறு. ஆக, விடை தொண்ணூறு சைன். அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தேன். பின்னால் அப்பா கை தட்டுவது கேட்டது. அவர் மட்டும்தான் தட்டினார்.

மிஸ் ஹனான் மெதுவாகக் கேட்டார். "ஹபீப்தி, என் கண்ணே, சைன் என்றால் என்ன?"

"வேரியபிள், மிஸ்."

ஓர் அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். "ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, அதில் சைனைக் காட்டு" என்றார் மிஸ். முக்கோணம் வரைந்தேன். சைனை எங்கே போய்த் தேடுவது? மூன்று மூலையிலும் இல்லை. அப்போதுதான் அந்தப் பொன்மொழியை உதிர்த்தேன்.

"ஜியோமெட்ரியை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன், மிஸ். அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

இருபது தலைகள் அப்பா பக்கம் திரும்பின. அந்த நிமிடம் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் ஹனான் அப்பாவிடம் வழி சொன்னார். ப்ரீகால்குலஸைத் தொடரலாம், ஆனால் கூடவே, இன்றிலிருந்தே, ஜியோமெட்ரியும் படிக்க வேண்டும். விட்டுப்போன முதல் பாதியை மதிய இடைவேளைகளில் அவரே நடத்துவார். வருடக் கடைசியில் இரண்டிலும் தேறினால் பதினொன்றாவதில் கால்குலஸ். எனக்கு ஒத்துவரும் நேரத்தில் இருந்ததோ ஒரே ஒரு ஜியோமெட்ரி வகுப்பு, ஒன்பதாவது 'பி'. அது கார்த்தியின் வகுப்பு.

கார் பார்க்கிங் வரை அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கதவைத் திறந்துகொண்டு சொன்னார். "தம்பி கிளாஸ்ல போயி உக்காருவியா? மானம் போயிடும்டீ. பேசாம நாமக்கல் போயிரு."

"உக்காருறேன்ப்பா. தரையில உக்காரச் சொன்னாலும் உக்காருறேன்."

அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனால் சொன்னதிலிருந்து மாறவில்லை.

மறுநாள் ஒன்பது 'பி' வாசலில் போய் நின்றேன். அதுவரை வீட்டில் என்னை 'ஏய்' என்றே கூப்பிட்டுவந்த தம்பி, கட்டடமே அதிரக் கத்தினான்: "அக்கா! வாங்க அக்கா! இங்க இடம் இருக்கு!" சிரியப் பையன்களும் எமராத்திப் பெண்களும் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு பள்ளி முழுக்க எனக்கு அக்கா என்றே பெயர். ஒரு தடவை பிரின்சிபலே "குட் மார்னிங், அக்கா" என்றார்.

மதியச் சாப்பாட்டை மிஸ் ஹனான் அறையில், முக்கோணங்களைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். வீட்டில் கார்த்தி எனக்குத் தேற்றங்களைச் சொல்லித் தந்தான்; ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு வாரம் அவன் தட்டைக் கழுவ வேண்டும் என்று ஒப்பந்தம். ஜியோமெட்ரியில் அவனுக்குத் தொண்ணூற்றெட்டு, எனக்கு எண்பத்தொன்று. ப்ரீகால்குலஸில் மயிரிழையில் தேறினேன். மதிப்பெண் அட்டையை அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சரி, இங்கயே இரு" என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பதினொன்றாவதில் கால்குலஸ் எடுத்தேன்.

வருடங்கள் ஓடி, திருச்சியில் கார்த்தியின் கல்யாணம். மேடையில் மாமனாருக்கு அவன் என்னை அறிமுகம் செய்துவைத்தான்.

"மாமா, இவங்க எங்க அக்கா. ஸ்கூல்ல என் கிளாஸ்மேட்."

மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "அப்படியா! சொல்லவே இல்லையே. ட்வின்ஸா?"

"இல்லைங்க சம்பந்தி" என்றார் அப்பா. "ஜியோமெட்ரி."