பம்பரம் சேரும் நட்சத்திர ஓட்டமும்

மட்டக்களப்பில் ஒரு பொருள் அசையாமல் இருக்கிறதென்றால், பம்பரம் சேர் அதை இன்னும் காணவில்லை என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிதர்; 'சேர்' மாணவர் தந்த மரியாதை, 'பம்பரம்' ஊர் வைத்த பட்டம். சுழலும் நட்சத்திரங்களுக்குள் காந்தப்புலம் என்ன கூத்தாடுகிறது என்பதுதான் அவருக்குச் சோறும் கறியும்.

தேநீர்க் கடையில் என் பிளேன்ரீயை வாங்கிக் கரண்டியால் சுழற்றுவார். "பாருங்க தம்பி, நடுவில வேகம், ஓரத்தில மெதுவு. காந்தக் கோடெல்லாம் இப்பிடித்தான் முறுக்குப்படும்!" தேநீர் முழுக்கச் சிந்திவிடும்; பிறகு நான் மேசையைத்தான் நக்க வேண்டும். ஒருமுறை கல்லடிக்குப் போக ஏறிய ஓட்டோவைச் சுற்றுவட்டத்திலேயே சுற்ற வைத்து விளக்கம் சொன்னார். சாரதி தலைசுற்றி இறங்கி நடந்தே போய்விட்டான்.

அவர் நூலக மண்டபத்தில் பேசப்போவதாகவும் நன்றியுரை நான் என்றும் முடிவாயிற்று. ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் நன்றியுரை நான்தான். பேச்சு முடியும்வரை தூங்கி, எழும்பி, 'அரிய கருத்துகள்' என்று சொல்லி இறங்குவது என் வழக்கம். சேர் அதில் மண்ணைப் போட்டார்.

"தம்பி, என்ட கூட்டத்தில நன்றி சொல்லுறவர் விளங்கினத ஒருக்காச் சொல்லோணும்."

முன்வரிசையில் என் மகளும் அவளுடைய வகுப்பும் வந்து உட்காரப் போகிறார்கள்!

"காய்ச்சலெண்டு சொல்லிப் படுங்களன்" என்றாள் மனைவி.

"அந்த மனுசன் என்னப் பாயோட சுருட்டிக் கொண்டுபோவாரு!"

அன்று பேச்சின் நடுவில் சேர் என்னை மேடைக்கு அழைத்தார். சைக்கிள் டியூபின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினார்.

"இதுதான் காந்தப்புலம். நீங்க உள்வட்டம், கெதியா ஓடோணும். நான் வெளிவட்டம். ஓடுங்க!"

மேசையைச் சுற்றி இருவரும் ஓடினோம். நான் முந்த முந்த டியூப் என்னைப் பின்னால் இழுத்தது. அவரை முன்னால் இழுத்தது. வேகமிழந்த நான் நடுவிலிருந்த மேசையில் சரிந்தேன். வேகம்பெற்ற சேர் விலகி, இன்னும் விலகி... டியூப் அறுந்தது. மேடையின் ஓரத்தைத் தாண்டி ஆளைக் காணோம்.

எனக்கு நன்றியுரையும் நினைவில்லை, மகளும் நினைவில்லை. "சேர்!" என்று கத்திக்கொண்டே குதித்தேன். பிளாஸ்டிக் கதிரைகளின் குவியலில் மல்லாந்து கிடந்தார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"சேர், உசிர் இரிக்கா?"

"இரிக்கு. விளங்கிச்சா?"

"விளங்கிச்சு சேர்! உள்ளுக்க ஓடுறவன இழுத்துப் பிடிக்குது, அவன் நடுவுக்க விழுறான். அவன்ட வேகம் வெளிய ஓடுறவனுக்குப் போகுது, அவன் இன்னும் தூரப் போறான். விலக விலக இழுவை கூடுது. கூடக் கூட எல்லாம் குலையுது!"

சேரின் சட்டையில் குத்தியிருந்த மைக் இதையெல்லாம் மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

"இதுதான் நன்றியுரை" என்றார் சேர், படுத்தபடியே.

சேருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "அப்பா, நீங்க பேசி இண்டைக்குத்தான் எனக்கு ஒண்டு விளங்கிச்சு" என்றாள் மகள்.

இப்போதும் அவர் எங்கே பேசினாலும் எனக்கு மேடையில் கதிரை போடுகிறார்கள். நான் ஏறுவதில்லை. கீழே, அவர் விழக்கூடிய பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.